கவர்மென்ட் லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திருவள்ளூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் இலவசமாகக் கிடைத்தன. கொள்முதல் செய்தது சென்னை நந்தனத்திலுள்ள அரசு நிறுவனமான எல்காட். அவற்றில் எத்தனையோ இன்று மயிலாப்பூர் சந்துகளிலும் அடையாறு குடியிருப்புகளிலும் பரணில் தூங்குகின்றன. கேட்டால், “ரொம்ப ஸ்லோ சார், ஆன் ஆகவே பத்து நிமிஷம்” என்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கான பழியைப் பலரும் புராசஸர் மேல் போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு.

தொடக்ககால மாடல்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி ரேம் இருந்தாலும் சேமிப்பு ஹார்ட் டிஸ்க்கில்தான். இந்த ரக டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு முனை நகர்ந்து போய்ச் சேரப் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதாவது நொடிக்கு நூறு துண்டுகளைக் கூட எடுத்துத் தர அது திணறும். விண்டோஸ் கண்விழிக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை ஒரே நேரத்தில் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒவ்வொரு துண்டும் நூறு மடங்கு வேகத்தில் வந்துவிடும். நிமிடக்கணக்கில் காக்கவைத்த அதே லேப்டாப் அரை நிமிடத்தில் தயாராகும்.

செலவு செய்வதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, புராசஸரோ இருபதைத் தாண்டவில்லை என்றால் விஷயம் தெளிவு. ஆனால் ரேமும் நிரம்பி வழிந்தால் கவனம் வேண்டும். ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில்தான் கொட்டி வைக்கும். அப்போது இரண்டையுமே கவனித்தாக வேண்டும். 8 ஜிபி இருந்தால் இன்றைய பிரவுசருக்குப் போதும்.

இவற்றை வாங்கச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர் 3, டிடிஆர் 4 இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. டிடிஆர் 3-லேயே குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ‘எல்’ ரகம் தனி. எஸ்எஸ்டியிலும் 2.5 அங்குல சாட்டா ரகமே பழைய மாடல்களுக்குப் பொருந்தும். சூயிங்கம் பட்டைபோல இருக்கும் என்விஎம்இ விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்கிவிடாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டும் விலை ஏறிவிட்டன. அதனால் பழைய ரேமை வாங்குவதில் தவறில்லை. கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். அது எழுத எழுதத் தேயும் பொருள்.

லேப்டாப்பைத் திறந்த கையோடு விசிறியில் அடைந்திருக்கும் தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். சூடு ஏறினால் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். மே மாதச் சென்னையில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்புக்கு இது தினசரி நடப்பு.

பேட்டரிக்கும் சூடுதான் எமன். லித்தியம் அயான் பேட்டரியை முழுச் சார்ஜில் 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவு ஏறக்குறைய 65 சதவீதமாக இறங்கிவிடும். அதே வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்தால் 85 நிற்கும். சதா சார்ஜரில் செருகியே வைத்திருக்கும் நம் பழக்கம் எவ்வளவு கொள்ளையடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். லெனோவோ, டெல், எச்பி, ஏசர் மாடல்கள் பலவற்றில் 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. தேடிப் பிடித்துப் போட்டுவிடுங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளையும் விண்டோஸிலேயே இருக்கிறது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது மிஞ்சியதையும் அது பக்கத்துப் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும். எஸ்எஸ்டி போட்டால் பேட்டரி இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மிச்சம் சொற்பமே. திரை வெளிச்சத்தைக் குறைப்பதும் தேவையற்ற டேப்களை மூடுவதும் அதைவிட அதிகம் தரும். உப்பியிருக்கும் பேட்டரியை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது.

பாக்கி இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இந்தப் பழைய புராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்காது. இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. இந்த லேப்டாப்களுக்கு அது புதிதும் அல்ல: தொடக்ககால மாடல்களில் விண்டோஸ் 7-க்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆதங்கம். இன்று லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபியிலும் சிரமமில்லாமல் ஓடும், தமிழ்99 தட்டச்சும் உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம். தனியாகச் செய்யத் தயங்குபவர்களுக்கு, 1998-லிருந்து இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது; கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. கையில் லேப்டாப் வரும் பிள்ளைகள், அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றே சார்ஜ் வரம்பை 80-ல் வைத்துவிடட்டும். வீட்டிலிருக்கும் அண்ணன், அக்காவின் பழைய லேப்டாப்பையும் பரணிலிருந்து இறக்கி, அதிலுள்ள போட்டோக்களை முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம்.