நர்சுகளின் ராத்திரி டூட்டி: எந்த நேரம் ஏற்ற நேரம்?

மாலை 6 மணி. கல்யாண் ரெயில் நிலையம்.

மும்பையில் இருந்து வரும் ஒவ்வொரு மின்சார ரெயிலும் கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. ஆபீஸ் முடிந்தவர்கள், பட்டறையில் இருந்து வருபவர்கள் என்று ஊரே வீடு திரும்பும் நேரம் அது.

அந்தக் கூட்டத்துக்கு எதிராக, படிக்கட்டில் ஒதுங்கி ஒதுங்கி பிளாட்பாரத்துக்கு இறங்கும் சில பெண்களைக் காணலாம். கையில் ஒரு பை. பைக்குள் மடித்து வைத்த உடுப்பு, ராத்திரி சாப்பாடு, ஒரு சால்வை. அவர்கள் நர்சுகள். ஊர் தூங்கப் போகும்போதுதான் அவர்களுக்குப் பொழுது விடிகிறது.

கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் இருந்து வந்த தமிழ்ப் பெண்களும் அவர்களில் உண்டு. தாராவி, சயான், செம்பூர், முலுண்ட், அம்பர்நாத் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில், தெருவுக்கு ஒரு நர்சாவது இருப்பார்.

"ராத்திரி டூட்டி எத்தனை மணிக்குத் தொடங்கினால் உங்களுக்கு வசதி?" என்று அவர்களைக் கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. ஆனால் அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்பவர்கள்தான் குறைவு.

மூன்று விதப் பங்கீடு

ஆஸ்பத்திரி என்பது பூட்டே போடாத வீடு. அதன் 24 மணி நேரத்தை நம் நாட்டில் பெரும்பாலும் மூன்று விதமாகப் பங்கு போடுகிறார்கள்.

முதல் வகை 6-6-12. காலை 8 முதல் பகல் 2 வரை ஒருவர், 2 முதல் இரவு 8 வரை ஒருவர், இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை ஒருவர். பகலில் ஆறு மணி நேரம், இரவில் பன்னிரண்டு.

இரண்டாவது வகை 8-8-8. காலை 6, பகல் 2, இரவு 10 என்று மூன்று முறை ஆள் மாறும். மூவருக்கும் எட்டு மணி நேரம்.

மூன்றாவது வகையில் இரண்டே டூட்டிகள். பகல் பன்னிரண்டு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம்.

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அரை மணியோ, ஒரு மணியோ முன்பின் இருக்கலாம். அடிப்படை இதுதான்.

காகிதத்தில் பார்த்தால் 8-8-8 என்பதே நியாயமாகத் தோன்றும். உலகமெங்கும் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற எட்டு மணி நேரம் அல்லவா அது? ஆனாலும் தொலைவில் குடியிருக்கும் பல நர்சுகள், "பன்னிரண்டு மணி நேர ராத்திரியே பரவாயில்லை" என்கிறார்கள். ஏன்?

ரெயில் சொல்லும் காரணம்

கல்யாணில் குடியிருப்பு, பரேலில் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். ரெயிலில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையத்துக்கு நடப்பது, ரெயிலுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி.

இரவு 10 மணிக்கு டூட்டி முடிப்பவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிடும். காலை 6 மணிக்கு டூட்டி ஏற்பவர், நாலே கால் மணிக்கெல்லாம் இருட்டில் வீட்டை விட்டு இறங்கவேண்டும். மும்பையின் மின்சார ரெயில்கள் நள்ளிரவுக்குப் பின் ஓய்ந்து, அதிகாலை 4 மணி வாக்கில்தான் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. ஒரு ரெயில் தவறினால் டூட்டியும் தவறும்.

இரவு 8 மணிக்குத் தொடங்கி காலை 8 மணிக்கு முடியும் டூட்டியில் இந்தத் தொல்லை இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே புறப்படலாம், வெளிச்சம் வந்த பிறகே திரும்பலாம். இன்னொரு வசதியும் உண்டு. மாலையில் மும்பை நோக்கிப் போகும் ரெயிலிலும், காலையில் மும்பையை விட்டுக் கிளம்பும் ரெயிலிலும் கூட்டம் குறைவு. உட்கார இடம் கிடைக்கும். ஆனால் அந்த இடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர் அப்படியே தூங்கிப்போய், கல்யாணில் இறங்காமல் பத்லாப்பூர் வரை போய்விடுவார்!

இடையில் எத்தனை மணி?

அடுத்த காரணம் ஓய்வு. 8-8-8 முறையில் இன்று இரவு 10 மணிக்கு முடித்தவரை, நாளைக் காலை 6 மணிக்கு வரச் சொன்னால் இடைவெளி எட்டு மணி நேரம். அதில் போகவர மூன்றரை மணி நேரம் கழிந்தது. சாப்பாடு, குளியல் போக மூன்று மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது. 6-6-12 முறையில் இரவு 8 மணிக்கு முடித்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு வந்தால் போதும். பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறது.

இந்தப் பன்னிரண்டு, நர்சுகளின் ஆசை மட்டும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1977-ம் ஆண்டு நர்சுகளுக்கென்றே தனியாக ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஒரு டூட்டிக்கும் அடுத்த டூட்டிக்கும் இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும். சாதாரணமாக ஒரு நாள் வேலை 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் வேலையைச் சேர்த்தாலும் 12 மணி நேரத்தை மீறக் கூடாது. வாரத்தில் குறைந்தது 36 மணி நேரத் தொடர் விடுமுறை வேண்டும் என்று அது கூறுகிறது.

அதிகாலை நாலு மணி

அப்படியானால் பன்னிரண்டு மணி நேர ராத்திரிதான் சிறந்ததா? அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. உடம்பும் தன் பங்குக்கு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது.

அந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவில் தூங்கவும் பகலில் விழிக்கவும் உடம்பு பழகியிருக்கிறது. அதிகாலை நாலு, ஐந்து மணி அளவில் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்துவிடும். கண் சொருகும். கணக்குத் தடுமாறும்.

ஆபீசில் கணக்குத் தடுமாறினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். நர்சின் கையில் இருப்பது ஊசி மருந்து. எத்தனை மில்லி என்று அளப்பதும், சொட்டு சொட்டாக இறங்கும் குளுகோசைக் கவனிப்பதும் அந்த நேரத்தில்தான். இரவு 8 மணிக்கு வந்தவருக்கு அது எட்டாவது மணி நேரம், ஒன்பதாவது மணி நேரம். அதன் பிறகும் காலை வேலை முழுவதும் காத்திருக்கிறது. நோயாளியைத் துடைப்பது, படுக்கை மாற்றுவது, ரத்தம் எடுப்பது, அடுத்து வருபவரிடம் வார்டை ஒப்படைப்பது என்று முடிக்கும்போது எட்டரை, ஒன்பது ஆகிவிடும்.

ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் உடல்நலமும் கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற பட்டியலில் 2007-ம் ஆண்டு சேர்த்தது. 2019-ம் ஆண்டு மறுபடி ஆராய்ந்தும் அதையே உறுதி செய்தது. ராத்திரி டூட்டி பார்த்த எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருள் அல்ல. தூக்கத்தை விளையாட்டாக எண்ணக் கூடாது என்பதே பொருள்.

ஆள் கணக்கு

குமாஸ்தாக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வார்டில் எப்போதும் ஒரு நர்சு இருக்கவேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம் ஆகிறது. ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், அந்த ஓர் இடத்துக்கு மூன்றரை பேர் தேவை. லீவு போடுபவர்களுக்கு மாற்று ஆள் தனி.

பன்னிரண்டு மணி நேர டூட்டியை வாரத்தில் ஆறு நாள் போட்டால், ஒருவரே 72 மணி நேரம் உழைக்கிறார். அப்போது இரண்டே கால் ஆளுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். மூன்றில் ஒரு பங்கு சம்பளம் நிர்வாகத்துக்கு மிச்சம்!

பன்னிரண்டு மணி நேரம் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வாரத்துக்கு நாலு ராத்திரி என்றால் நாற்பத்தெட்டு மணி நேரம், மூன்று நாள் ஓய்வு. அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆறு ராத்திரி என்றால் அது ஆள் குறைப்புக்குப் போட்ட வேஷம்.

வீட்டில் ஓடும் கடிகாரம்

காலையில் வீடு திரும்பும் நர்சுக்கு அடுத்த டூட்டி காத்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பள்ளிக்கூடப் பிள்ளை, சமையல். பத்துக்குப் பத்து அடி அறை. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடும். எதிர் வீட்டில் டெலிவிஷன் அலறும். "பகல் முழுக்க வீட்டுலதானே இருக்கா" என்று விருந்தாளியும் வந்து உட்காருவார்.

பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகவே நிரந்தர ராத்திரி டூட்டி கேட்டு வாங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வெளியில் பார்த்தால் அது அவர் விரும்பிக் கேட்ட நேரம். உண்மையில், தம் தூக்கத்தை விற்றுப் பிள்ளைக்குக் காவல் வாங்கியிருக்கிறார்.

விடுதியில் தங்கும் இளம் பெண்ணின் விருப்பம் வேறு. ராத்திரிகளைத் தொடர்ந்து முடித்துவிட்டால், சேர்ந்து கிடைக்கும் லீவில் நாகர்கோவிலுக்கு ரெயில் ஏறலாம். சர்க்கரை நோய் வந்த ஐம்பது வயது நர்சுக்கோ காலை டூட்டிதான் வேண்டும். மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்கவேண்டுமே! ஆகவே, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே நேரம் கிடையாது.

சம்மதம் என்ற சொல்

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. ஆஸ்பத்திரி தொழிற்சாலை அல்ல. அதனால் மில்லில் வேலை பார்த்த பெண்ணுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு நர்சுக்கு இருந்ததில்லை. அதன் இடத்தில் 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, பெண்கள் இரவிலும் வேலை செய்யலாம் என்கிறது. ஆனால் அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது.

பாதுகாப்பு என்பது வாசலில் நிற்கும் காவலாளி மட்டும் அல்ல. 1973-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி மும்பை பரேலில், டூட்டி முடித்து உடை மாற்றப் போன இளம் நர்சு ஒருவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தாக்கப்பட்டார். சுமார் 42 ஆண்டுகள் நினைவு திரும்பாமல் கிடந்து, 2015-ம் ஆண்டு மே 18-ந் தேதி உயிர் நீத்தார். 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொல்கத்தாவில், இரவுப் பணியில் இருந்த பெண் டாக்டர் ஒருவர் கொல்லப்பட்டார். உடை மாற்றும் அறை, ஓய்வு அறை, அதன் தாழ்ப்பாள், நடைபாதை விளக்கு, வீடு வரை வாகனம் ஆகிய எல்லாம் டூட்டி நேரத்தோடு சேர்ந்தவையே.

தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் குறையைக் கேட்க, சுப்ரீம் கோர்ட்டு உத்தரவின்பேரில் 2016-ம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. வேலை நேரம், லீவு, போக்குவரத்து போன்றவற்றில் அரசு நர்சுகளுக்கு உள்ள வசதி தனியார் நர்சுகளுக்கும் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது. பரிந்துரையைச் செயலாக்குவது மாநிலங்களின் பொறுப்பு.

என்ன செய்யலாம்?

செலவில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. டூட்டி பட்டியலை முன்கூட்டியே ஒட்டலாம். டூட்டி மாற்றும்போது காலை, பிறகு மாலை, பிறகு இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு எளிதில் ஏற்கும்; தலைகீழாக மாற்றினால் திணறும். தொடர்ந்து மூன்று ராத்திரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நடு இரவில் ஆள் மாற்றி இருபது நிமிடம் கண்ணயர அனுமதித்தால், அதிகாலை மயக்கம் குறையும்.

நர்சுகளும் சிலவற்றைக் கவனிக்கலாம். காபி, டீயை டூட்டியின் முற்பகுதியோடு நிறுத்திக்கொண்டால் காலையில் தூக்கம் வரும். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணியலாம். தூங்கும் அறையின் ஜன்னலைத் தடித்த துணியால் மறைக்கலாம்.

மிச்சம் உள்ளது வீட்டாரின் பங்கு. காலையில் தண்ணீர் பிடிப்பதையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதையும் கணவர் ஏற்றுக்கொண்டால், அவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கூடும். டூட்டி நேரத்தை மாற்ற மேட்ரன் மனம் வைக்கவேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தைத் தர வீட்டில் உள்ளவர் மனம் வைத்தால் போதும்.

பகல் பதினோரு மணிக்கு உங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், தட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். நேற்று ராத்திரி உங்கள் உறவினரின் கட்டில் அருகே கண் விழித்து நின்றவர், உள்ளே இப்போதுதான் கண்ணை மூடியிருப்பார்.