47 வருஷம் ஒரே வண்டி: பர்ட் மன்ரோவின் கணக்கு

போன மாசம் ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். “அண்ணா, இந்த வயசுலயும் நீங்களே கோடு எழுதறீங்களா? மேனேஜர் ஆகலையா?” எனக்கு நாற்பத்தாறு. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வார இறுதியில் நாட்றம்பள்ளி வந்து, நெடுஞ்சாலை ஓரம் டீ குடிக்கும்போது பெங்களூர் பக்கம் பறந்த பைக்குகளைப் பார்த்ததும்தான் பதில் ஞாபகம் வந்தது. அந்தப் பதிலின் பெயர் பர்ட் மன்ரோ.

நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1899-ல் பிறந்தவர். 1920-ல், 21 வயதில், ‘இந்தியன் ஸ்கவுட்’ என்ற பைக்கை வாங்கினார். பேரைப் பார்த்து நம்மூர் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். ‘இந்தியன்’ அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கம்பெனி. 600 சிசி, உச்ச வேகம் மணிக்கு 89 கி.மீ. அவ்வளவுதான்.

அதே வண்டியில், 1967 ஆகஸ்டில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், 1,000 சிசி வரைக்குமான பிரிவில் சாதனை படைத்தார். வேகம் 295 கி.மீ.க்கு மேல். அவருக்கு வயது 68, வண்டிக்கு 47.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதை வெல்லத் தேவையான சக்தியோ வேகத்தின் கனமாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 89-லிருந்து 295-க்குப் போவது 3.3 மடங்கு. அப்படியென்றால் சக்தி கிட்டத்தட்ட 36 மடங்கு! 600 சிசியை 950 ஆக்கினால் மட்டும் இது வந்துவிடாது. அதனால் இரண்டு பக்கமும் வேலை பார்த்தார். எஞ்சினைக் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பச் செய்தார். காற்றைக் கிழித்துப் போக, வண்டியை மூடுகிற மாதிரி ஒரு கூட்டையும் செய்தார்.

எங்கே செய்தார்? வீட்டு ஷெட்டில். பகலில் பைக் விற்பனையாளர் வேலை, ராத்திரியில் இந்த வேலை. பின்னாளில் வேலையையும் விட்டுவிட்டார். பிஸ்டனைப் பழைய தகர டப்பாவில் வார்ப்பார். பழைய இரும்புக் குழாயிலிருந்து சிலிண்டர், டிராக்டர் அச்சிலிருந்து கனெக்டிங் ராடு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரி டிரம்மின் புஷ் தேய்ந்துபோனால், பழைய கன்மெட்டலை உருக்கி லேத்தில் கடைந்து மாட்டுகிற பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு மன்ரோ அந்நியராகத் தெரிய மாட்டார்.

செய்ததெல்லாம் நிலைக்கவும் இல்லை. உருகின பிஸ்டன், முறிந்த ராடு என்று சேர்ந்துகொண்டே போச்சு. அவர் எதையும் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் ஒரு அலமாரியில் அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதி வைத்தார். என்னைக் கட்டிப்போட்டது அந்த அலமாரிதான். நாமெல்லாம் ஜெயித்த வெர்ஷனை மட்டும் காட்டுவோம், உடைந்ததை அழித்துவிடுவோம். அடுத்த பிஸ்டனை எப்படி வார்க்கணும் என்று அவருக்குச் சொன்னது, அந்த அலமாரியில் இருந்த முந்தின பிஸ்டன்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடணும். ‘உலகின் வேகமான இந்தியன்’ என்று 2005-ல் வந்த படத்தின் பேர், அந்த ‘இந்தியன்’ பைக்கைக் குறிக்கிறது. அன்றைக்கு உலகிலேயே வேகமான பைக் அவருடையது இல்லை. 1966-ல் அதே பான்வில்லில் பாப் லெப்பன், இரண்டு டிரையம்ப் எஞ்சின் வைத்த வண்டியில் 395 கி.மீ.யைத் தொட்டுவிட்டார். மன்ரோ ஜெயித்தது அவருடைய பிரிவில். எனக்கு அதுவே போதும்.

கடைசியாக, என் தொழில்காரர்களுக்குப் பிடித்த பகுதி. காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும் என்பதால், பான்வில்லில் இரண்டு திசையிலும் ஓட்டி சராசரி எடுப்பார்கள். 1967-ல் அவருடைய ஓட்டங்கள் 184.710 மைல், 183.463 மைல். சராசரி நீங்களே போட்டுப் பாருங்கள்: 184.087 வரும். ஆனால் பதிவேட்டில் இருந்தது 183.586! மன்ரோ 1978-ல் இறந்துபோனார். அந்தத் தப்பைப் பல வருஷம் கழித்து அவர் மகன் ஜான் கண்டுபிடித்துச் சொல்ல, 2014-ல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் திருத்தியது. சாதனை 296.26 கி.மீ. ஆச்சு. 47 வருஷம் கிடந்த ஒரு பக், ஒரு கூட்டல், ஒரு வகுத்தல்!

தம்பிக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினேன். “சூப்பர்ணா, ஆனா மேனேஜர் சம்பளம் ஜாஸ்தி” என்று பதில் வந்தது. அவன் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும், பன்னிரண்டு வருஷமாக நான் பராமரிக்கிற ஒரு பழைய புரோகிராம் இருக்கு. அதில் தோற்றுப்போன முயற்சிகளை அழிக்காமல் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஃபோல்டர் பேர்: காணிக்கை.