அசுவினிக்கு அசையாத குதிரை மசால்

ஒருமுறை விதைத்துப் பல ஆண்டுகள் அறுக்கக்கூடிய சத்தான தீவனப் பயிர் குதிரை மசால். அமெரிக்காவில் இதை அறுத்து, வெயிலில் காயவைத்து, உலர்தீவனமாகக் கட்டி வைக்கிறார்கள். அந்நாட்டு விவசாயிகளுக்கு 1954ஆம் ஆண்டில் பெருஞ்சோதனை ஒன்று வந்தது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் புள்ளி அசுவினி என்னும் சிறு பூச்சி காணப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது கலிபோர்னியா, கான்சாஸ் எனப் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. இது சாற்றை உறிஞ்சுவதோடு நச்சு உமிழ்நீரையும் செலுத்துவதால் இலைகள் மஞ்சளாகி உதிரும், இளஞ்செடிகள் மடியும். பூச்சி கழிக்கும் தேன் போன்ற பிசுக்கில் கரும்பூசணம் படர்ந்து, அறுத்த தீவனத்தின் தரமும் கெடும்.

மருந்து மட்டும் போதவில்லை

விவசாயிகள் மருந்து தெளித்தனர். அதனால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் மாண்டன. கலிபோர்னியாவின் சில பகுதிகளில் பாரத்தியான் போன்ற மருந்துகளுக்கு அசுவினி பழகிப்போயிற்று. செலவு ஏறியதே தவிர, தொல்லை தீரவில்லை.

பிழைத்த செடியே விதை

நெவாடாவில் தண்டு நூற்புழுவைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட லஹோன்டன் என்ற ரகம், அசுவினியையும் தாங்கி நின்றது. மற்ற ரகங்களிலும் இத்தகைய செடிகள் இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் தேடினர். குதிரை மசால் தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை பெறும் பயிர். ஆகவே ஒரே வயலிலும் செடிக்குச் செடி குணம் மாறும். அசுவினி தாக்கியும் பிழைத்த செடிகளைத் தேர்ந்து, மீண்டும் பூச்சியை விட்டுச் சோதித்து, தேறியவற்றைத் தமக்குள் கலக்கச் செய்து விதை எடுத்தனர். ஆப்பிரிக்கன் ரகத்தின் 9 செடிகளிலிருந்து மோவாபா 1957இலும், பஃபலோ ரகத்தின் 22 செடிகளிலிருந்து கோடி 1959இலும் வெளியாயின.

கவனிக்க வேண்டியவை

எதிர்ப்பு ரகம் என்றால் எல்லாச் செடிகளும் தாங்கும் என்பதல்ல. நூற்றுக்கு 50க்கு மேற்பட்ட செடிகள் தாங்கினாலே, அதை மிகுந்த எதிர்ப்புத்திறன் உள்ள ரகமாகக் கொள்வார்கள். ஒரு பூச்சியைத் தாங்கும் ரகம் வேறொன்றைத் தாங்காமல் போகலாம். எதிர்ப்பையும் மீறி வாழும் அசுவினி இனங்களும் பின்னர் தோன்றின. எனவே இளம் பயிரை அடிக்கடி பார்வையிடுதல் வேண்டும். அறுவடை நெருங்கும்போது பூச்சி பெருகினால், மருந்து தெளிப்பதைவிட முன்னதாக அறுத்துவிடுவது நல்லது. பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால், அதன் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து கலந்துவிடும். அத்தகைய வயலில் எடுத்த விதையில் எதிர்ப்புத்திறன் குறையும். ஆகவே சான்று பெற்ற விதையையே வாங்கி விதைத்துப் பயன்பெறலாம்.