கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பதற்கு முன்

2022 மார்ச் மாத இறுதி. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்த நாட்கள். மட்டக்களப்பில் என் சித்தப்பாவின் வீட்டு முன்னறையில், நான்கு அடி நீளமான கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே சாக்குகளை விரித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் தொட்டியின் கீழ் அலுமாரிக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து தரையெங்கும் ஓடியது. உப்புத் தண்ணீர். கதவு நிலையின் அடிப்பகுதி ஏற்கனவே கறுத்துப் போயிருந்தது.

“கரண்ட் போனா மீன் சாகும் எண்டுதான் பயந்தன் மனே. தரை நனையும் எண்டு நினைக்கல்ல” என்றார் சித்தப்பா.

இரண்டுமே நடந்தன. ஒரு வாரத்துக்குள் மீன்களும் போய்விட்டன. ஓய்வூதியப் பணத்தில் கட்டிய தொட்டி இரண்டு வருடங்கள் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அவர் திரும்பவும் ஆரம்பிக்க விரும்பினார். இந்த முறை முதலில் காகிதத்தில் வரைவோம் என்று நான் நிபந்தனை போட்டேன். அந்த வரைபடத்துக்காகக் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை. நன்னீர் மீன்தொட்டியிலிருந்து கடல்நீருக்கு மாற நினைப்பவர்கள் பலர் மீனிலும் பவளத்திலும் கவனம் வைக்கிறார்கள். ஆனால் பணத்தையும் மீனையும் காப்பாற்றுவது குழாய் வேலைதான்.

முதலில் தரையைப் பாருங்கள்

சித்தப்பாவின் தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 60 உயரம். அதில் சுமார் 400 லீற்றர் நீர் நிற்கும். கடல்நீர் ஒரு லீற்றர் 1.025 கிலோ. ஆக, நீர் மட்டும் 410 கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி 85 கிலோவுக்கு மேல். கல், மணல், கீழ்த் தொட்டி, தாங்கி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 700 கிலோவைத் தாண்டும். ஒரு சிறிய அல்ட்டோ காரின் எடையை ஒரு சதுர மீற்றருக்கும் குறைந்த இடத்தில் ஏற்றுகிறீர்கள்.

வீட்டு மாடித் தளங்கள் பொதுவாக சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையான சுமையைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. எனவே தரைத்தளம்தான் பாதுகாப்பு. தொடர்மாடியில் வசிப்பவர்கள் ஒரு கட்டடப் பொறியியலாளரிடம் கேட்காமல் இந்த அளவுத் தொட்டியை வைக்கக்கூடாது. வைத்தாலும் தளத்தின் நடுவில் அல்லாமல், பாரந்தாங்கும் சுவரோரமாக, உத்தரத்துக்கு மேலாக வைக்க வேண்டும். சுவருக்கும் தொட்டிக்கும் இடையில் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். பின்னால் ஒரு குழாய் கசிந்தால் 700 கிலோவை நகர்த்திப் பார்க்க முடியாது.

தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது?

பெரிய கடல்நீர்த் தொட்டிகளில் வடிகட்டி தொட்டிக்குள் இருப்பதில்லை. கீழே அலுமாரிக்குள் இன்னொரு சிறு தொட்டி இருக்கும். கடைக்காரர்கள் இதைச் ‘சம்ப்’ என்பார்கள். மேல்தொட்டியின் ஒரு மூலையில் பற்கள் வெட்டப்பட்ட ஒரு வழிவுப் பெட்டி. நீர்மட்டம் அந்தப் பற்களைத் தாண்டியதும் நீர் பெட்டிக்குள் விழுந்து, இறங்கு குழாய் வழியாகத் தானாகவே கீழே போகும். கீழ்த் தொட்டியில் வடிகட்டிப் பையையும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் கடந்து கடைசி அறைக்கு வரும். அங்குள்ள பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும்.

இதில் ஒரு விடயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நீர் இறங்குவது புவியீர்ப்பால், ஏறுவது மின்சாரத்தால். மின்சாரம் நின்றால் ஏறுவது நிற்கும், இறங்குவது உடனே நிற்காது.

சித்தப்பா வீட்டுத் தரை ஏன் நனைந்தது?

மின்சாரம் நின்றதும் வழிவுப் பெட்டியின் பற்களுக்கு மேலிருக்கும் நீர் இறங்கும். அது சிறிய அளவுதான். உண்மையான ஆபத்து மேலேற்றும் குழாயில் இருக்கிறது. அதன் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றவுடன் அதே குழாய் எதிர்த்திசையில் உறிஞ்சத் தொடங்கும். பெற்றோல் தாங்கியிலிருந்து ரியூப் போட்டு எரிபொருள் இறக்குவதைப் போல. குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை அது நிற்காது.

சித்தப்பாவின் தொட்டியில் அந்த வாய் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தது. தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால், நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்க 7.2 லீற்றர் வெளியேற வேண்டும். 15 சென்ரிமீற்றருக்கு 108 லீற்றர். கற்கள் பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் நூறுக்குக் கிட்ட வரும். கீழ்த் தொட்டி 90×40×40 சென்ரிமீற்றர். 144 லீற்றர் கொள்ளும். அதில் ஏற்கனவே 90 லீற்றர் நின்றது. மிச்ச இடம் 54 லீற்றர். மீதி எல்லாம் தரைக்குத்தான் வர வேண்டும். வந்தது.

திருத்தம் எளிது. மேலேற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே வைத்தோம். இப்போது திரும்பி வருவது 15 லீற்றர். வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பதைச் சேர்த்தாலும் 25 லீற்றர் அளவு. 54 லீற்றர் இடத்தில் தாராளமாக அடங்கும். மேலதிகக் காப்பாக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை இட்டோம். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று நுழைந்து உறிஞ்சலை முறிக்கும். ஆனால் பாசி அந்தத் துளையை அடைக்கும் என்பதால் மாதம் ஒரு முறை குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். கடல்நீரில் சுண்ணாம்புப் படிவும் சிறு நத்தைகளும் அதன் மூடியைச் சிக்க வைத்துவிடும். அதை மட்டும் நம்பி வீட்டுத் தரையை ஒப்படைக்க முடியாது.

இறங்கு குழாய் ஒன்று போதாது

ஒரே இறங்கு குழாயில் நீரும் காற்றும் சேர்ந்து இறங்கும்போது கொப்பளிக்கும் சத்தம் வரும். இரவில் அதே அறையில் தூங்க முடியாது. ஒரு இலைப்பாசித் துண்டோ நத்தையோ அடைத்தால் மேல்தொட்டி நிரம்பி வழியும். இரண்டு பிரச்சினைகளுக்கும் ஒரே தீர்வு, குறைந்தது இரண்டு குழாய்கள். முதலாவது முழுவதும் நீரால் நிரம்பி, காற்றில்லாமல், சத்தமில்லாமல் இறங்கும். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு. இரண்டாவது சற்று உயரத்தில் திறந்தபடி நிற்கும். முதலாவது அடைபட்டால் முழு நீரையும் அது தாங்க வேண்டும். இரண்டாவதில் ஒருபோதும் வால்வு போடக்கூடாது. வசதியுள்ளவர்கள் மூன்று குழாய் வைக்கிறார்கள்.

முதல் குழாய்க்கு கேட் வால்வு வாங்குங்கள். கால் சுற்றில் மூடித் திறக்கும் போல் வால்வில் நுண்மையாகச் சரிசெய்வது கடினம்.

அடைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட வேண்டும். எங்கள் மேல்தொட்டியில் விளிம்புக்கு நான்கு சென்ரிமீற்றர் இடம் உண்டு. அதாவது 28 லீற்றர். கீழே பம்ப் அறையில் பம்ப் உறிஞ்சக்கூடிய நீரை 20 லீற்றருக்கு மேற்படாமல் தடுப்புக் கண்ணாடி வைத்துப் பிரித்தோம். இரண்டு குழாய்களும் அடைபட்டாலும் பம்ப் வறண்டு ஓடுமே தவிரத் தரை நனையாது. ஆவியாகும் நீரை ஈடுசெய்யத் தானியங்கி நிரப்பி வைத்திருந்தால், அதன் வாளியில் உள்ள நீரையும் இந்தக் கணக்கில் சேருங்கள். அந்த நிரப்பியை வீட்டுக் குழாயோடு நேரடியாக இணைக்கவே வேண்டாம்.

பம்ப், குழாய், பொருத்திகள்

மேலேற்றும் பம்ப் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரை ஏற்றினால் போதும். எங்கள் அளவுக்கு 1600 லீற்றர். தொட்டிக்குள் அலையோட்டம் உண்டாக்குவது தனிச் சிறு பம்புகளின் வேலை. பெட்டியில் 3000 லீற்றர் என்று எழுதியிருக்கும் பம்ப், ஒன்றரை மீற்றர் உயரம் ஏற்றும்போது அதில் பாதியையே தரக்கூடும். உயரத்துக்கு ஏற்ப எவ்வளவு தரும் என்று காட்டும் வரைபு பெட்டியில் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு 90 பாகை எல்போவும் ஓட்டத்தைக் குறைக்கும். இடமிருந்தால் இரண்டு 45 பாகை எல்போக்களைப் பயன்படுத்துங்கள்.

இறக்குமதியாகும் தொட்டிப் பொருத்திகளின் அளவும் உள்ளூர் பிவிசி குழாய்களின் அளவும் எப்போதும் பொருந்துவதில்லை. இரண்டையும் கடையிலேயே பொருத்திப் பார்த்த பிறகே கண்ணாடியில் துளையிட வேண்டும். துளையிடுவதற்கு முன் அது வன்மையாக்கப்பட்ட கண்ணாடியா என்று உறுதிப்படுத்துங்கள். அப்படியானால் துளையிடும் கணத்திலேயே முழுத் தகடும் தூளாகும்.

பம்புக்கு இருபுறமும் கழற்றக்கூடிய யூனியன் வையுங்கள். பிவிசி கம் பூசிய பின் ஒரு முழுநாள் காய விடுங்கள். செம்பு, பித்தளை, நாகமுலாமிட்ட இரும்பு எதுவும் இந்த நீரைத் தொடக்கூடாது. மிகச் சிறிதளவு செம்பு கரைந்தாலும் இறால், நத்தை, பவளம் போன்ற முள்ளந்தண்டற்ற உயிர்கள் இறந்துவிடும்.

கடல் பக்கத்தில் இருந்தும்...

“கல்லடிக் கடல் கிட்டத்தானே, கானில் அள்ளிட்டு வந்தாச் சரி” என்பது சித்தப்பாவின் முதல் யோசனை. ஆனால் மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி நீர் கடலில் கலக்கும் காலத்தில், கரையோர நீரின் உவர்ப்பு குறைந்து கலங்கலாகிவிடும். துறைமுகத்தை அண்டிய நீரில் எண்ணெய் இருக்கும். தொட்டிக்குத் தேவையானது மாறாத நீர்.

அதனால் பலர் செயற்கைக் கடலுப்பையே கரைக்கிறார்கள். லீற்றருக்கு 35 கிராம். எங்கள் இரு தொட்டிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 16 கிலோ. சமையல் உப்பு உதவாது. அதில் பவளங்களுக்கு வேண்டிய கல்சியம், மகனீசியம் போதாது. கரைக்கும் நீரும் தூய்மையாக இருக்க வேண்டும். நகரக் குழாய்நீரில் குளோரின் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம். ஆர்.ஓ. நீரே பொருத்தம். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக எப்போதும் நன்னீரையே ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது.

வெப்பமும் மின்சாரமும்

பவளங்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. நமது அறைகளே 30 பாகையில் இருக்கின்றன. வெப்பம் கூடினால் என்ன ஆகும் என்பதை 1998இலும் 2016இலும் வெளிறிப்போன நமது பவளப்பாறைகள் காட்டின. மீன் மட்டும் வளர்ப்பதென்றால் நீர்ப்பரப்பின் மேல் காற்றாடி வைத்துச் சமாளிக்கலாம். நீர் கூடுதலாக ஆவியாகும். பவளம் வேண்டுமென்றால் குளிரூட்டும் கருவி தேவை. அது வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதால் மூடிய அலுமாரிக்குள் வைக்கக்கூடாது.

சித்தப்பாவின் மீன்கள் இறந்தது ஒட்சிசன் இல்லாமல். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். நீர் அசையாவிட்டால் புதிதாகச் சேராது. முழுத் தொகுதியையும் பற்றரியில் ஓட்ட வேண்டியதில்லை. ஒரு சிறு அலைப் பம்பும் ஒரு காற்றுப் பம்பும் ஓடினால் மீன்கள் தாங்கும். 2022 முடிந்துவிட்டதே என்று எண்ண வேண்டாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியது.

தொட்டிக்கென்று தனிச் சுற்றும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் ஒரு மின் தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு பொருத்துங்கள். கையை உப்புநீருக்குள் விடும் பொழுதுபோக்கு இது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

கல்லை எங்கே எடுப்பது?

கடலில் இருந்து எடுக்கக்கூடாது. பவளமும் பவளக் கற்களும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் பாதுகாக்கப்பட்டவை. காய்ந்த கல்லோ சுட்ட பீங்கான் கல்லோ போதும். அதில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். அவைதான் மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் பூச்சியமாகும் வரை மீன் விடக்கூடாது. சந்தைக்கு வரும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். பண்ணையில் இனப்பெருக்கம் செய்த கோமாளி மீன்கள் கிடைத்தால் அவற்றைத் தெரிவுசெய்யலாம்.

மின்சாரத்தை நீங்களே நிறுத்துங்கள்

உப்பும் மீனும் வருமுன், வெறும் குழாய்நீரை நிரப்பி ஒரு வாரம் ஓட விட்டோம். முதல் நாளிலேயே ஒரு யூனியன் கசிந்தது, இறுக்கினோம். பிறகு முதல் இறங்கு குழாயைத் துணியால் அடைத்தோம். இரண்டாவது சலசலவென்ற சத்தத்துடன் முழு நீரையும் எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தமே அடைப்புக்கான எச்சரிக்கை மணி.

கடைசிப் பரீட்சைக்குச் சித்தப்பா தானே சுவிட்சை நிறுத்தினார். கீழ் அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, ரோச் லைற் அடித்தபடி இருவரும் தரையில் குந்தியிருந்தோம். கீழ்த் தொட்டியின் நீர்மட்டம் மெல்ல ஏறியது. விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து நின்றது. சித்தப்பா ஒரு பேனையால் கண்ணாடியில் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டார். சாக்கை மடித்து வெளியே கொண்டுபோய்க் காயப் போட்டார்.