நிழற்படம் கூறும் ஊர் வரலாறு

ஆஸ்திரிய நாட்டில், மலைக்கும் ஏரிக்கும் இடையே ஒடுங்கி நிற்கும் சிற்றூர் ஹால்ஸ்டாட். அங்கு உப்பு வெட்டும் தொழில் மூவாயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்ட பழமை உடையது. முன்னாளில் அவ்வூரைப் படகேறியோ குறுகிய மலைவழியில் நடந்தோதான் அடைய இயலும். 1877-இல் வந்த இருப்புப்பாதையும் ஏரியின் எதிர்க்கரையோடு நின்றது. 1890-இல் பாறையை உடைத்து மேற்குக் கரையில் சாலை அமைத்தனர். ஊர்திகள் பெருகவே, 1966-இல் மலையைக் குடைந்து மாற்றுவழியும் கண்டனர்.

அதனால், சாலை காணாத ஒரு நிழற்படம் 1890-க்கு முற்பட்டது எனத் தெளியலாம். ஊர் எய்திய வசதியையும் இழந்த அமைதியையும் இப்படங்கள் ஒருங்கே காட்டுகின்றன. ஆயினும், ஆண்டும் இடமும் குறிக்கப்படாத படம் நாளடைவில் ஊமையாகிவிடும். ஆதலின், படத்தைக் காப்பவர் அதன் பின்புறத்தில் அவ்விரண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். அச்சிறு குறிப்பே பின்னாளில் வரலாறாகும்.