ஆண்மைச் சுரப்பும் ஆய்வுக்கூடத்து எண்ணும்

பஸராவில் பிறந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த பேரறிஞர் அல்-ஜாஹிஸ், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் காயடிக்கப்பட்ட மனிதரையும் விலங்குகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளார். குரல், உரோமம், உடல்வாகு ஆகியன மாறுபடுவதை அவர் கூர்ந்து நோக்கினார். இரு சிறு உறுப்புகளை நீக்கினால் உடல் முழுவதும் ஏன் மாற வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்பார் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். சிலவற்றின் விரைகளை அடியோடு அகற்றினார். அவை கொண்டை சிறுத்துக் கூவாது அடங்கின. வேறு சிலவற்றுக்கு விரையை இடம் மாற்றி வயிற்றுக்குள் பதித்தார். அவையோ கூவின, சண்டையிட்டன, கொண்டையும் வளர்ந்தது. பழைய நரம்புத் தொடர்பு அறுபட்டிருந்தும் இவ்வாறு நிகழ்ந்தமையால், விரையிலிருந்து ஏதோ ஒன்று குருதி வழியே பரவுகிறது என்று அவர் துணிந்தார். அந்த 'ஏதோ ஒன்று' 1935இல் ஆம்ஸ்டர்டாமில் காளை விரைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பெற்று, டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயர் பெற்றது.

இது ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கிறது. ஆணுடலில் தசை, எலும்பு, செங்குருதி அணுக்கள், இல்லற நாட்டம் ஆகியவற்றுக்கு இது வேண்டும். நலமுள்ள இளைஞரிடம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 264 முதல் 916 நானோகிராம் வரை காணப்படுகிறது. இந்த வீச்சின் அகலத்தை வாசகர் கருதிப் பார்க்க வேண்டும். 350 உடையவரும் 800 உடையவரும் ஒருங்கே நலமாயிருக்கக் கூடும். மிகுந்த எண் மிகுந்த ஆண்மை அன்று. மேலும் இவ்வளவு காலையில் உயர்ந்து மாலையில் தாழும், உணவுக்குப் பின் குறையும், காய்ச்சலில் வீழும். ஆகவே, காலை வேளையில், வெவ்வேறு நாள்களில் இருமுறை சோதித்து, இருமுறையும் 300க்குக் கீழிருந்து, அதற்குரிய அறிகுறிகளும் உடனிருந்தாலே குறைபாடு எனக் கொள்வது மருத்துவர் பலரின் வழக்கம். அசதி ஒன்றே அறிகுறியாகாது. நீரிழிவு, தைராய்டு, மனச்சோர்வு, உறக்கக் குறைவு என அதற்குக் காரணங்கள் பல. பருத்த உடலில் இச்சுரப்பு தாழ்வதும், எடை குறைந்தால் ஓரளவு மீள்வதும் நன்கறியப்பட்டவை.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததன் காரணத்துக்கு வருவோம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை திரட்டவும், விளம்பரங்களை நம்பி வீரியம் பெருக்கவும் இளைஞர் பலர் இம்மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்கின்றனர். அது கருத்தரிக்கச் செய்யும் ஆற்றலையும் பெருக்கும் என்பது அவர்தம் எண்ணம். உண்மை நேர்மாறானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, குருதியில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு உள்ளது என்பதற்கேற்ப விரைகளுக்கு ஆணை அனுப்புகிறது. வெளியிலிருந்து மருந்து நிறைந்ததும் அந்த ஆணை நின்றுவிடுகிறது. விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் குருதியில் உள்ளதைப் போலப் பன்மடங்கு செறிந்திருந்தாலன்றி விந்தணு உருவாகாது. ஊசி குருதியை நிரப்பும், விரையை நிரப்பாது. விந்தணுக்கள் அருகுகின்றன, பலருக்கு அறவே இல்லாமற் போகின்றன. உலக சுகாதார நிறுவனமே இதனை ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது என்றால் வேறு சான்று எதற்கு?

மகப்பேறில்லா இல்லங்களில் பழி பெரும்பாலும் மனைவி மீதே விழுவதை நாம் அறிவோம். அவளைப் பல மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பம், கணவன் போட்டுக்கொண்ட ஊசியைப் பற்றிக் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

உண்மையான குறைபாடு உடையோருக்கு இம்மருந்து பயன் தருவதே. இதயத்துக்கு ஊறு விளைக்குமோ என்ற நெடுநாள் ஐயத்தை, 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வு பெரிதும் தணித்தது. மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. எனினும் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் குருதி உறைதலும் மருந்து பெற்றோரிடம் சற்று மிகுந்திருந்தன. மகப்பேற்றை நாடுவோர் அதனை முதலிலேயே மருத்துவரிடம் கூறினால், விரைகளைத் தாமே சுரக்கத் தூண்டும் வேறு மருந்துகளை அவர் கருதலாம். ஊசியை நிறுத்தியோரில் பெரும்பாலோருக்கு விந்தணுக்கள் மீள்கின்றன. ஆயின் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகின்றது.