முறிந்த எலும்பை யார் கூட்டுகிறார்?

கோலா கெடா முதல் கூலிம் வரை, தோட்டத்து மண்சாலையானாலும் பட்டணத்துப் பெருஞ்சாலையானாலும் நம் பிள்ளைகளுக்குத் துணை மோட்டார் சைக்கிள்தான். விழுந்து காலெலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறார்கள், கம்பியும் வைக்கிறார்கள். ஆனால் கட்டோ கம்பியோ எலும்பைக் கூட்டுவதில்லை; அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. கூட்டும் வேலை உடலுடையது.

முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்ததும், அதிலுள்ள தட்டணுக்கள் ‘வளர்ச்சிக் காரணிகள்’ எனும் புரதங்களை வெளியிடுகின்றன. அவை எலும்பு மஜ்ஜையிலும் எலும்பின் மேலுறையிலும் உள்ள ஸ்டெம் செல்களை அழைக்கின்றன. அந்தச் செல்கள் கொழுப்பாகவோ குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ மாறக்கூடியவை. எலும்பாக மாறத் தூண்டுபவற்றில் முக்கியமானது பி.எம்.பி. எனும் புரதம். இன்னொரு காரணி புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கிறது. சில வாரங்களில் மென்மையான பாலம் உருவாகும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். பழைய வடிவம் திரும்ப மாதங்கள், சமயத்தில் ஆண்டுகளும் ஆகும்.

1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாதுச் சத்து நீக்கிய எலும்புத் துண்டை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள் புது எலும்பு முளைத்தது! அதற்குக் காரணமான புரதத்துக்கே பி.எம்.பி. என்று பெயர். 2002-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், கீழ் முதுகெலும்பு அறுவையில் பி.எம்.பி.-2 புரதத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் கழுத்து அறுவையில் அதைப் பயன்படுத்தியபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியதால், 2008-இல் அதே நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அளவும் இடமும் தவறினால் நல்ல மருந்தும் ஆபத்துதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் வரும் ‘ஸ்டெம் செல்’ மாத்திரை, தூள் விளம்பரங்களைப் பாருங்கள். உயிருள்ள செல் தூளாக டப்பாவில் இருக்க முடியாது. விழுங்கும் புரதம் வயிற்றில் செரித்துவிடும். நம் சுகாதார அமைச்சு ஸ்டெம் செல் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் 2009-இல் வழிகாட்டி நெறிகள் வகுத்துள்ளது. சேமிப்பைக் கொடுக்கும் முன், அந்தச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டதா, இன்னும் ஆய்வில் இருப்பதா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவில்லாத உதவிகள் நம் கையிலேயே உள்ளன. சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்துங்கள். கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் அப்படியே. நம்மவரிடையே இந்நோய் அதிகம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. கட்டைப் பாதியில் பிரித்து எண்ணெய் போட்டு உருவினால் அந்த மென்மையான பாலம் உடையக்கூடும். மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

மாதங்கள் கடந்தும் கூடவில்லையென்றால் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எடுத்து முறிந்த இடத்தில் வைக்கும் சிகிச்சை பல காலமாக உண்டு. செல்களும் வளர்ச்சிக் காரணிகளும் அதில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.